பெருவெடிப்பு நடந்துச்சுன்னா படைச்சவர் இருக்கார்னு ஆயிருமா?

கயத்தாறு டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும் போறவ, இன்னைக்கு மனசு கேக்காம எழுதுறேன். நான் பதினொன்னு பன்னெண்டுக்கு பிசிக்ஸ் எடுக்குறேன். வீட்ல காலைல விளக்கேத்தி ரெண்டு பாட்டு பாடாம காபி குடிக்க மாட்டேன், இந்த ரெண்டும் எனக்குள்ள இதுவரைக்கும் மோதுனதே இல்ல. போன வாரம் பக்கத்து ஊர்ல ஒரு சொற்பொழிவு. பேச வந்தவர் "விஞ்ஞானிகளே ஒத்துக்கிட்டாங்க, 1380 கோடி வருசத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாததுல இருந்து வெடிச்சு உலகம் வந்துச்சு, அப்ப வெடிக்க வச்சது யாரு, அவர்தான் ஆண்டவன்"னு சொன்னார். எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் சாமி கும்பிடுறவதான், ஆனா எனக்கு கை எழும்பல, ஏன்னு அப்ப தெரியல.

மறுநாள் கிளாஸ்ல அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பையன் எந்திரிச்சு "டீச்சர், அப்ப சாமி இருக்குன்னு பிசிக்ஸ்லயே நிரூபிச்சாச்சா?"ன்னு கேட்டான். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பின் பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு, "நாளைக்கு அந்தத் தியரி தப்புன்னு சொல்லிட்டாங்கன்னா சாமியும் இல்லைன்னு ஆயிருமா டீச்சர்?"னு கேட்டுட்டா. பெல் அடிச்சிருச்சு, நாளைக்கு சொல்றேன்னுட்டு வந்துட்டேன். அந்தப் பிள்ளை கேட்டது ராத்திரி முழுக்க தூங்க விடல. உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க, சண்டை போடாம சொல்லுங்க.

கறுப்புத்துண்டு:
வணக்கம் டீச்சர். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன், எங்க அப்பா காலத்துல இருந்தே வீட்ல பூஜை அறை கிடையாது. எனக்கு இதுல பெரிய குழப்பம் இல்ல. எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்னா கடவுளுக்கும் வேணும், கடவுளுக்கு வேண்டாம்னா பிரபஞ்சத்துக்கும் வேண்டாம், நடுவுல ஒரு ஆளை நிறுத்தி அவரோட கேள்விய முடிச்சுக்கிறது ஏன்? 1948ல பிபிசி ரேடியோல கடவுள் நம்பிக்கை இல்லாத தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசலும் கோபிள்ஸ்டன்னு ஒரு பாதிரியாரும் இதையேதான் விவாதிச்சாங்க, ரசல் கடைசி வரைக்கும் பிரபஞ்சம் இருக்கு, அவ்வளவுதான், அதுக்கு மேல விளக்கம் கேக்க முடியாதுன்னு நின்னுட்டார். அந்தப் பையன்கிட்ட "இன்னும் நிரூபிக்கல தம்பி"ன்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணு கேட்டதுதான் அருமையான கேள்வி, அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க.

ரஃபி காயல்:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். கறுப்புத்துண்டு அண்ணே, "கடவுளைப் படைச்சது யாரு"ங்கிறதை எல்லாரும் கடைசி ஆணி மாதிரி அடிக்கிறாங்க, ஆனா அந்த வாதத்தை சொன்னவங்க "எல்லாத்துக்கும் காரணம் உண்டு"ன்னு சொல்லவே இல்ல. இமாம் கஸ்ஸாலி, 1111ல வஃபாத் ஆனவர், அவர் சொன்னது "தொடங்குன எதுக்கும் தொடக்கி வைக்கிற ஒண்ணு வேணும், உலகம் தொடங்குச்சு, அதனால அதுக்கும் வேணும்" அப்படிங்கிறது. இறைவனுக்கு தொடக்கமே இல்லைங்கும்போது அவன் அந்த வாக்கியத்துக்குள்ளயே வரல. கஸ்ஸாலி காலத்துல உலகத்துக்கு தொடக்கம் இருக்குன்னு கணக்கால காட்ட வேண்டியிருந்துச்சு, கிரேக்கத் தத்துவம் படிச்சவங்க உலகம் என்னைக்கும் இருக்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க. இப்ப பிசிக்ஸே தொடக்கம் இருக்குன்னு சொல்லும்போது வாதத்தோட ரெண்டாவது கால் நல்லா ஊனிருச்சுன்னுதான் நான் நினைக்கிறேன். டீச்சருக்கு ஏன் கை எழும்பலன்னு எனக்கு புரியல, தப்பா கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

விண்நோக்கி:
ரஃபி பாய், நான் இந்த ஃபீல்டுலதான் ஆராய்ச்சி பண்றேன், பிக் பேங், அதான் பெருவெடிப்பு, பத்தி பேசும்போது எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

நமக்கு உறுதியா தெரிஞ்சது என்ன? பிரபஞ்சம் விரிஞ்சுக்கிட்டு இருக்கு, முன்னாடி அடர்த்தியாவும் சூடாவும் இருந்துச்சு. இதுக்கு சாட்சி கையில இருக்கு. 1964ல அமெரிக்காவுல நியூஜெர்சி ஹோம்டெல்னு ஒரு இடத்துல பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேரு, பெரிய கொம்பு மாதிரி ஒரு ஆன்டெனா வச்சிருந்தாங்க. எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒரே இரைச்சல். பகல்ல, ராத்திரில, எந்த மாசத்துலயும் அதே அளவு. கொம்புக்குள்ள ரெண்டு புறா கூடு கட்டியிருந்துச்சு, அதைப் பிடிச்சு வெளிய அனுப்பி எச்சத்தைத் தேய்ச்சுக் கழுவுனாங்க, அப்பவும் போகல. கடைசில பார்த்தா அது பிரபஞ்சம் 3,80,000 வயசுல விட்ட வெளிச்சம், வந்து வந்து ஆறிப்போய் இப்ப மைனஸ் 270 டிகிரி. பழைய ஆன்டெனா டிவில சேனல் இல்லாதப்ப புள்ளி புள்ளியா இரையுமே, அதுல ஒரு துளி இந்த வெளிச்சம்தான். நான் சின்னப்புள்ளையா இருக்கும்போது அந்தப் புள்ளிய எறும்பு ஓடுதுன்னு பார்த்துட்டு உக்காந்திருப்பேன், பின்னாடி காலேஜ்ல இது தெரிஞ்சப்ப கண்ணு கலங்கிருச்சு.

ஆனா இது எல்லாம் "சூடா இருந்த காலம்" வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகும். அதுக்கும் பின்னாடி போனா ஐன்ஸ்டீன் சமன்பாடு முடிவிலின்னு காட்டும். கொல்கத்தால அமல்குமார் ராய்சௌதுரி 1955ல எழுதுன ஒரு சமன்பாடு இருக்கு, அதை அடிப்படையா வச்சுத்தான் பின்னாடி பென்ரோஸ், ஹாக்கிங்னு ரெண்டு பிரிட்டன் விஞ்ஞானிங்க 1970ல சில நிபந்தனைகள் இருந்தா இந்த முடிவிலி வந்தே தீரும்னு காட்டுனாங்க. நம்மாள் போட்ட அஸ்திவாரம்னு எனக்கு இதுல தனி பெருமை. ஆனா முடிவிலி வந்துச்சுன்னா "இங்க உலகம் தொடங்குச்சு"ன்னு அர்த்தம் பண்ணிக்கக்கூடாது, "என் கணக்கு இங்க செல்லாது"ன்னு அந்தத் தியரியே கையெடுத்துடுதுன்னு அர்த்தம். அந்த இடத்துக்கு குவாண்டம் ஈர்ப்பு, அதாவது அணு அளவு விதியையும் ஈர்ப்பையும் ஒண்ணா சேர்க்குற தியரி வேணும், அது இன்னும் யாருகிட்டயும் முழுசா இல்ல. 1983ல ஹாக்கிங்கும் ஹார்ட்டிலும் காலமே ஒரு ஓரம் இல்லாம வளைஞ்சிருக்கலாம்னு ஒரு மாடல் கொடுத்தாங்க, அதுல "அதுக்கு முன்னாடி என்ன"ன்னு கேக்குறது தென் துருவத்துல நின்னுக்கிட்டு இன்னும் தெற்க போகணும்னு சொல்ற மாதிரி. இன்னும் சிலர் முன்னாடி ஒரு சுருங்குற பிரபஞ்சம் இருந்துச்சுங்கிறாங்க. எது சரின்னு தெரியாது. அதனால "ஒண்ணுமே இல்லாததுல இருந்து வெடிச்சுச்சு"ங்கிற வாக்கியத்துல ஒண்ணுமே இல்லாததும் தப்பு, வெடிச்சதும் தப்பு. குண்டு மாதிரி ஒரு இடத்துல வெடிக்கல, எல்லா இடமுமே விரிஞ்சுச்சு.

இன்னொன்னு, அதே சமயம் "வெற்றிடத்துல இருந்து பிரபஞ்சம் தானா வரும், ஆக கடவுள் வேண்டாம்"னு சில விஞ்ஞானிங்க எழுதுறதும் எனக்கு ஒப்பல. குவாண்டம் வெற்றிடத்துக்கு விதி இருக்கு, ஆற்றல் இருக்கு, அதை சூன்யம்னு சொல்றது நியாயம் இல்ல.

மணப்பாடு அலை:
டீச்சர், உங்களுக்கு ஏன் கை எழும்பலன்னு நான் சொல்றேன், ஏன்னா இதே மாதிரி கை எழும்பாத ஒருத்தர் ஏற்கனவே இருந்திருக்கார், அதுவும் இந்தத் தியரியவே முதல்ல சொன்னவர்.

ஜார்ஜ் லெமெய்த்ர், பெல்ஜியம்காரர், கத்தோலிக்கச் சாமியார். முதல் உலகப்போர்ல பீரங்கிப் படைல இருந்தவர், 1923ல குருப்பட்டம் வாங்குனார். 1927ல பிரபஞ்சம் விரியுதுன்னு கணக்கு போட்டு எழுதுனார், வானியலாளர் ஹப்பிள் அதையே சொன்ன 1929 கட்டுரைக்கும் ரெண்டு வருசம் முன்னாடி. அந்த வருசமே ஐன்ஸ்டீனைப் பார்த்தப்ப உங்க கணக்கு சரி, உங்க பிசிக்ஸ் சகிக்கலன்னுட்டாராம். 1931ல நேச்சர் பத்திரிகைல ஒரு சின்னக் கடிதம், பிரபஞ்சம் ஒரே ஒரு ஆதி அணுவுல இருந்து வந்திருக்கலாம்னு. அதோட டைப் அடிச்ச பிரதில கடைசில ஒரு வாக்கியம் இருந்துச்சு, கடவுள் தன்னை மறைச்சுக்கிறவர், இன்னைய பிசிக்ஸ் படைப்புக்கு மேல ஒரு திரைய போடுறதைப் பார்த்து நம்புறவங்க சந்தோசப்படலாம்னு ஒரு கருத்து. அதை அவரே கோடு போட்டு அடிச்சுட்டார். அச்சுல வரல.

அப்புறம் 1951 நவம்பர்ல போப் பன்னிரண்டாம் பயஸ் வத்திக்கான் அறிவியல் கழகத்துல பேசும்போது, "ஒளி உண்டாகக்கடவது"ன்னு ஆண்டவர் சொன்ன அந்த ஆதி நொடிக்கு இன்னைய விஞ்ஞானம் சாட்சியா நிக்குதுங்கிற அளவுக்குப் போயிட்டார். உங்க கூட்டத்துல பேசுனவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். லெமெய்த்ருக்கு அது பிடிக்கல. அவரு போப்புக்குக் கீழ உள்ள சாமியார், யோசிச்சுப் பாருங்க. ஆனா வத்திக்கான் வானாய்வகத்து இயக்குனர் ஓ'கானல் சாமியாரோட சேர்ந்து, இது வேண்டாம்னு எடுத்துச் சொல்ல ஏற்பாடு பண்ணார். அடுத்த வருசம் செப்டம்பர்ல ரோம்ல உலக வானியலாளர்கள் மாநாட்டுக்கு போப் பேச வந்தப்ப அந்தப் பேச்சையே எடுக்கல. 1966ல சாகக் கிடக்கும்போது அந்தப் புறாக்கூட்டு ஆன்டெனா செய்தி அவருக்கு வந்து சேந்துச்சு, தான் சொன்னது நின்னுருச்சுன்னு தெரிஞ்சுட்டுத்தான் கண்ண மூடுனார்.

நான் ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவன். என் விசுவாசத்தை ஒரு தியரி மேல தூக்கி வைக்க எனக்கு பயமா இருக்கு. உங்க பின் பெஞ்சு பிள்ளை கேட்டது லெமெய்த்ரோட பயமேதான்.

தேவாரப்பித்தன்:
இதெல்லாம் மாணிக்கவாசகர் அன்னைக்கே பாடிட்டார். "அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்... நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன". உண்டைன்னா உருண்டை, விரிந்தனன்னா விரிஞ்சது. பிக் பேங் வேற என்ன? இதை விட்டுட்டு பெல்ஜியத்துக்குப் போறீங்க.

கயத்தாறு டீச்சர்:
ஐயா, அந்தப் பாட்டு நான் தினம் பாடுற பாட்டு, அதனால உரிமையோட சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அடுத்த வரிய விட்டுட்டீங்க. "இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச் சிறிய வாகப் பெரியோன்". எங்க பாட்டி வீடு ஓட்டு வீடு, அடுக்களை மேல ஒரு கண்ணாடி ஓடு பதிச்சிருக்கும். காலைல பாட்டி அடுப்பு மூட்டுற நேரம் அந்த ஓடு வழியா வெயில் ஒரு கம்பு மாதிரி சாஞ்சு இறங்கும், அதுக்குள்ள தூசி மேலயும் கீழயும் மிதந்துக்கிட்டே இருக்கும். வெயிலுக்கு வெளிய அந்தத் தூசியே கண்ணுக்குத் தெரியாது. நூறு கோடிக்கு மேல விரிஞ்சு கிடக்குற அண்டமெல்லாம் இறைவனுக்கு முன்னாடி அந்த வெயில்ல தெரியுற தூசி மாதிரி, அவ்வளவு பெரியவன் அவன்னு பாடுறார். அண்டம் எப்படி வந்துச்சுன்னு அங்க கணக்கு சொல்லல. அதை பிசிக்ஸ் பாடமா மாத்துனா எனக்குப் பாட்டும் போயிரும், பாடமும் போயிரும்.

மணப்பாடு அண்ணன் எழுதுனதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். எழுதி, தானே அடிச்சார் பாருங்க.

வடலிநிழல்:
வணக்கம் பிள்ளையள். நான் யாழ்ப்பாணம், பென்சனில இருக்கிறன், சைவசித்தாந்தம் கொஞ்சம் படிச்சனான். எல்லாரும் தொடக்கம் தொடக்கம் எண்டு கதைக்கிறியள், ஆனா எங்கட சித்தாந்தத்தில கடவுள் ஒண்டுமில்லாததில இருந்து உலகத்தைப் படைச்சவர் எண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்ல. பதி எண்டா இறைவன், பசு எண்டா உயிர், பாசம் எண்டா உயிரைக் கட்டுற தளை, மூண்டும் அநாதி, தொடக்கமில்லாதது. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது எண்டதுதான் அடிப்படை. குயவன் பானை செய்யிறதைப் பாருங்கோ. மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அதைப்போல மாயை மண், சத்தி சக்கரம், சிவன் குயவன். குயவன் மண்ணைப் படைக்கேல்ல. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில சிவஞானபோதத்தின்ர முதற் சூத்திரத்திலயே உலகம் தோன்றி, நிண்டு, ஒடுங்கும், ஒடுங்கின இடத்தில இருந்துதான் திரும்பத் தோன்றும் எண்டு சொல்லிப்போட்டார். ஆனபடியா 1380 கோடி வருசத்துக்கு முந்தி ஒண்டு நடந்தது எண்டு விஞ்ஞானம் சொன்னா எங்களுக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை. பிள்ளை, நீங்கள் விளக்கேத்திறது இந்த வழியில எண்டா, அண்டைக்கு மேடையில சொன்னது உங்கட வீட்டுக் கொள்கையே இல்லை. அதுதான் கை எழும்பாததுக்குக் காரணம் எண்டு நான் நினைக்கிறன்.

கறுப்புத்துண்டு:
ஐயா, நீங்க சொன்ன பானை உவமை நல்லாருக்கு, ஆனா அங்கயும் நான் நிப்பேன். பானைய பார்த்தா குயவன் ஞாபகம் வருதுன்னா நாம குயவன் வீட்டுத் திண்ணைல உக்காந்து பார்த்திருக்கோம், அதனால வருது. உலகம் செய்யுறதை எங்க பார்த்தோம்? இதை நாத்திகன் நான் மட்டும் கேக்கல, சமணர்கள் கேட்டாங்க, வேதத்தை தலைமேல வச்சுக்கிட்ட மீமாம்சைக்காரர் குமாரிலரே படைச்சவருக்கு உடம்பு இருந்துச்சா, எந்தத் தேவைக்காக படைச்சார்னு கேட்டார். இந்த மண்ணுல இந்தச் சண்டைக்கு வயசு ஆயிரம் வருசத்துக்கு மேல.

வடலிநிழல்:
ஓம் தம்பி, கேட்டவை. எந்தத் தேவைக்கு எண்டதுக்கு சித்தாந்தம் உயிருக்காக எண்டு சொல்லும், மலம், அதாவது உயிரை மூடியிருக்கிற அழுக்கு, கழண்டு உயிர் பக்குவப்பட. ஆனா அது அருளை நம்பினவனுக்குச் சொல்லுற பதில், உங்களை மடக்கிறதுக்கு நான் அதை வைக்கேல்ல.

ரஃபி காயல்:
விண்நோக்கி சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன். தொடக்கம்னு பிசிக்ஸ் உறுதியா சொல்லலைங்கிறதை ஏத்துக்கிறேன், என் முதல் பதிவுல அவசரப்பட்டு "ஊனிருச்சு"ன்னு எழுதிட்டேன். ஆனா இன்னொரு விசயம் இருக்கே, பிரபஞ்சத்தோட எண்கள் எல்லாம் நம்ம உயிருக்குன்னே செதுக்குன மாதிரி இருக்குன்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

விண்நோக்கி:
அது லேசுல தள்ளிவிடுற விசயம் இல்ல பாய். ரெண்டு உதாரணம். நம்ம உடம்புல இருக்குற கார்பன் முழுக்க நட்சத்திரத்துக்குள்ள வெந்தது, மூணு ஹீலியம் கரு சேரணும். சாதாரணமா சேர்ற வேகம் பத்தாது. 1953ல ஃப்ரெட் ஹாய்ல், நாத்திகர், பிக் பேங்கையே ஏத்துக்காதவர், அந்தப் பேரை 1949ல பிபிசில வச்சவரும் அவர்தான், அவர் "பிரபஞ்சத்துல இவ்வளவு கார்பன் இருக்குன்னா கார்பனுக்கு 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் பக்கத்துல ஒரு ஆற்றல் நிலை இருந்தே ஆகணும்"னு சொல்லி கலிஃபோர்னியால சோதனைக்காரங்களைத் தேட வச்சார். இருந்துச்சு. பின்னாடி வயசான காலத்துல யாரோ ஒரு பேரறிவு பிசிக்ஸ்ல கை வச்ச மாதிரி இருக்குன்னு அவரே எழுதுனார். அதுக்காக கோயில் பக்கம் போகல, பிக் பேங்கையும் கடைசி வரைக்கும் ஏத்துக்கல, அவரோட மாணவர், நம்ம நாட்டு வானியலாளர் நார்லிகரும் அந்தப் பக்கமே நின்னார்.

ரெண்டாவது, பிரபஞ்சத்தை விரட்டி விரட்டி விரிக்கிற டார்க் எனர்ஜி. 1998ல கண்டுபிடிச்சாங்க. கணக்குப்படி நாம எதிர்பார்க்குற அளவுக்கும் நிஜமா இருக்குற அளவுக்கும் 1 போட்டு பக்கத்துல 120 சைபர் போடுற அளவு வித்தியாசம். இப்ப இருக்குறதை விட பல மடங்கு கூடுதலா இருந்திருந்தா காலக்ஸியே சேர்ந்திருக்காது. வெயின்பெர்க்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1987லயே, அதாவது கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே, காலக்ஸி உருவாகணும்னா அது இவ்வளவுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு ஒரு உச்சவரம்பு போட்டார், கிடைச்சது அந்த வரம்புக்குள்ள இருந்துச்சு. இதுக்கு விளக்கம் பல பிரபஞ்சம் இருக்குன்னு சொல்றவங்க உண்டு, செஞ்சவர் ஒருத்தர்னு சொல்றவங்க உண்டு, இன்னும் தெரியாத ஒரு விதி இந்த எண்ணைக் கட்டிப்போட்டிருக்குன்னு தேடுறவங்க உண்டு. நான் மூணாவது. ஆனா ராத்திரி வேலை முடிஞ்சு சைக்கிள்ல ஹாஸ்டலுக்கு வரும்போது இது மனசை உறுத்தும், உறுத்தாதுன்னு சொன்னா பொய்.

கறுப்புத்துண்டு:
எனக்கும் உறுத்தும்ப்பா. ஒத்துக்கிறேன்.

கயத்தாறு டீச்சர்:
இன்னைக்கு கிளாஸ் முடிஞ்சு நேரா இங்கதான் வந்தேன். அந்தப் பொண்ணுகிட்ட "ஆகாது, ஏன்னா அந்தத் தியரி மேல உங்க சாமிய யாரும் ஏத்தி வைக்க வேண்டியதே இல்ல"ன்னு சொன்னேன். பையன்கிட்ட "பிசிக்ஸ் நிரூபிக்கல, இல்லைன்னும் நிரூபிக்கல"ன்னேன், அவன் முகம் வாடிருச்சு, அதனால லெமெய்த்ர் கதைய சொன்னேன். போர்டுல அந்த வாக்கியத்தோட கருத்தை எழுதி, அவர் மாதிரியே நானும் மேல ஒரு கோடு இழுத்தேன். ஏன் அடிச்சிருப்பார்னு கேட்டேன். ஒருத்தன் பத்திரிகைல இடம் பத்தியிருக்காதுன்னான். அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அது அவருக்கும் சாமிக்கும் நடுவுல உள்ளது டீச்சர், கணக்கோட சேர்த்து அனுப்ப வேண்டாம்னு நினைச்சிருப்பார்"ன்னான். எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு.

ஆனா பின் பெஞ்சு விடல. "தொடக்கம் இருக்கோ இல்லையோ, ஏன் ஏதாவது ஒண்ணு இருக்கு டீச்சர், எதுவுமே இல்லாம இருந்திருக்கலாமே"ங்குறா. இதுக்கு நான் எந்த பாடத்தை எடுக்க?

ரஃபி காயல்:
டீச்சர், அந்தப் பிள்ளை கஸ்ஸாலிய தாண்டி, அவருக்கும் முன்னாடி வாழ்ந்த தத்துவ அறிஞர் இப்னு சீனாகிட்ட போயிருச்சு, மாஷா அல்லாஹ். அவருக்கு உலகம் தொடங்குச்சா இல்லையாங்கிறது முக்கியமே இல்ல, உலகம் என்னைக்கும் இருக்குன்னே அவர் வச்சுக்கிட்டார். பிள்ளைக்கு இப்படி சொல்லுங்க. நான் உங்ககிட்ட நூறு ரூபா கைமாத்து கேக்குறேன். உங்ககிட்ட இல்ல, நீங்க பக்கத்து வீட்ல கேக்குறீங்க, அவங்க அடுத்த வீட்ல கேக்குறாங்க. தெரு எவ்வளவு நீளமா இருந்தாலும், முடிவே இல்லாத தெருவா இருந்தாலும், எல்லார்கிட்டயும் கைமாத்து மட்டும்தான்னா என் கைக்கு காசு வராது. வந்திருக்குன்னா எங்கயோ சொந்தக் காசு இருக்கு. நாம, பூமி, நட்சத்திரம் எல்லாமே இருக்கறதை வேற ஒண்ணுகிட்ட கைமாத்து வாங்கித்தான் இருக்கோம்ங்கிறார்.

கறுப்புத்துண்டு:
நல்ல உதாரணம் பாய், நான் இதுவரைக்கும் கேட்டதுலயே நல்லது. ஆனா அந்தச் சொந்தக் காசு அந்தத் தெருகிட்டயே இருக்கக்கூடாதா? ரசல் சொன்னதும் அதுதானே?

ரஃபி காயல்:
இருக்கலாம்னு நீங்க சொல்றீங்க, தெருவே வீடுகளால ஆனதுதானே, வீடு எல்லாம் கடன்ல இருந்தா தெருவுக்கு ஏது காசுன்னு நான் கேக்குறேன். அண்ணே, இப்பதான் நாம ரெண்டு பேரும் சரியான இடத்துல நிக்கிறோம். மக்ரிபுக்கு பாங்கு சொல்லிட்டாங்க, தொழுதுட்டு வர்றேன், நீங்க அதுக்குள்ள எழுதி வைங்க.